முறிந்த பாலமும் முறுக்கிய வடமும்

அடையாறு கடலொடு கலக்கும் முகத்தில், 1977ஆம் ஆண்டு தொட்டு, ஒரு பாலம் இடையறுந்து நிற்கின்றது. வடகரையில் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம். தென்கரையில் ஊரூர்க் குப்பமும் ஆல்காட்டுக் குப்பமும். இரு கரையிலும் வாழ்வோர் ஒரே தொழிலர்; ஒரே கடலை நம்பி வாழ்வோர். இவர்தம் போக்குவரவுக்கு உதவவே 1967இல் அப்பாலம் கட்டப்பெற்றது. பத்தே ஆண்டுகளில் ஆற்று நீரின் விசை தாங்காது அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அன்று வீழ்ந்தது வீழ்ந்ததே. அதன்பின் எத்தனையோ ஆட்சிகள் வந்தன, போயின. சென்னையில் மேம்பாலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. மண்ணுக்கடியில் தொடர்வண்டியும் ஓடத் தொடங்கிற்று. மீனவர் பாலம் மட்டும் முறிந்தபடியே நிற்கின்றது. மாலையிற் காற்று வாங்கச் செல்வோர்க்கும் படமெடுப்போர்க்கும் அது இன்று ஒரு காட்சிப்பொருள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘புரோக்கன் பிரிட்சு’. முறிந்து கிடப்பதற்கும் ஆங்கிலத்தில்தான் பெயர் வேண்டியிருக்கின்றது போலும்!

கரையில் நின்று பார்ப்பார்க்கு எதிர்க்கரை கூப்பிடு தொலைவு. ஆனால் சீனிவாசபுரத்து மீனவப் பெண் தலையிற் கூடையொடு ஊரூர்க் குப்பத்திற்குச் செல்லவேண்டின், மேற்கே திரும்பித் திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடந்து, அடையாற்று நாற்சந்தி வழியாக மீண்டும் கிழக்கே பெசண்டு நகர்வரை சுற்றவேண்டும். பேருந்துக்கோ மூவுருளிக்கோ கொடுக்கும் கூலி, விற்ற மீனின் ஊதியத்திற் கழிகின்றது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து, 77 மீட்டர் நீளத்தில், கண்ணாடித் தளத்தொடு ஒரு பாலம் ஏறத்தாழ 37 கோடி உருபா செலவில் எழுப்பப்பெற்று, 2024 திசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பெற்றது. வள்ளுவர்பால் மக்களைக் கொண்டு சேர்க்கும் பாலத்தை எவரும் குறைகூறார். ஆயினும், நாள்முழுதும் அலை மோதும் கடலிடையே காண்போர்க்குப் பாலமிட முடிந்த அரசுக்கு, ஓர் ஆற்றின் முகத்தில் உழைப்போர்க்குப் பாலமிட முடியவில்லை என்பதை ஏற்பது எங்ஙனம்?

அண்மை ஆண்டுகளில் இப்பாலத்தை மீளக் கட்டுதல் பற்றிய பேச்சு எழுவதும் அடங்குவதுமாக உள்ளது. அதனொடு கூடவே, கலங்கரை விளக்கத்தினின்று தெற்குநோக்கிக் கடலோரமாக உயர்நிலை விரைவுப்பாதை அமைக்கும் பேச்சும் எழுகின்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னையது குப்பத்தார் நடந்து கடப்பதற்கு. பின்னையது உந்துகள் குப்பத்தாரைக் கடந்து செல்வதற்கு. விரைவுப்பாதைத் திட்டத்தை மீனவர் எதிர்த்து நின்றதிற் பொருள் உண்டு. வலை உலர்த்தும் மணலும் படகு ஏற்றும் மணலும் தூண்களின் கீழ் மறைந்தபின், அப்பாதையினால் அவர்க்கு ஆவது என்ன? ஆகலின் இங்கு வேண்டப்படுவது உந்துகளின் பாலம் அன்று. நடப்பாரும் மிதிவண்டியாரும் மீன்கூடையாரும் செல்லத்தக்க ஒரு பாலம். அதுவும், ஆற்றினுள் தூண் நாட்டாத தொங்குபாலமாக அமைதல் நன்று.

கழிமுகம் என்பது நிலைத்த இடம் அன்று. கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைக்கும். வெள்ளம் வந்து அதனை உடைத்துத் திறக்கும். 2015 திசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்ததை மறந்தவர் இலர். அத்தகைய நீர், வழியில் நிற்கும் தூணின் அடிமணலை அரித்துச் செல்லும். ஆழத் தூண் இறக்கியும் பாலம் கட்டலாம், இயலாததன்று. ஆனால் நீர்வழியில் ஒன்றுமே நில்லாதபடி கட்ட வழியிருக்கையில், படகு செல்லும் வாயில், மீன் ஏறும் வாயில், கடலாமை முட்டையிட வரும் கரையை அடுத்து, தூண்களை ஏன் நிறுத்தவேண்டும்?

தொங்குபாலத்தின் அமைப்பு அத்துணை அரியதொன்றன்று. கரைக்கு ஒன்றாக இரண்டு கோபுரங்கள். அவற்றின் உச்சியின்மேற் கிடந்து இருபுறமும் தாழும் பெருவடம். வடத்தின் ஈற்று முனைகள் இரண்டும் கோபுரங்கட்குப் பின்னால் நிலத்துள் ஆழப் பிணிக்கப்பெறும். வடத்தினின்று நிரையாகக் கீழிறங்கும் கம்பிகள். அக்கம்பிகளிற் கட்டித் தொங்கும் நடைதளம். நடப்போரின் சுமை தளத்தினின்று கம்பிக்கும், கம்பியினின்று வடத்துக்கும் ஏறுகின்றது. வடம் கோபுரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. நிலத்துப் பிணிப்பைத் தன்பால் இழுக்கின்றது. கோபுரத்தின் வேலை தாங்குதல். வடத்தின் வேலை இழுவிசையைப் பொறுத்தல். எஃகு இழுவைக்கு மிக வலியது. அதனாற்றான் மெல்லிய இழைகளைத் திரட்டிய வடம் பேராற்றையும் கடலிடுக்கையும் ஒரே தாவாகத் தாண்டுகின்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவில் 1937இல் திறந்த பொன்வாயிற் பாலத்தின் நடுத்தாவு 1,280 மீட்டர். அதன் வடம் ஒவ்வொன்றிலும் 27,572 எஃகு இழைகள் உள.

மேற்கண்ட பத்தியில் ஆங்கிலச் சொல் ஒன்றேனும் வேண்டப்பட்டதா? இல்லை. புதிதாகச் சொல் படைக்கவும் வேண்டப்படவில்லை. பங்குனித் திருவிழாவில் திருமயிலைக் கபாலீச்சரத்துத் தேரை நாற்றெருவிலும் இழுத்துவரும் ஆயிரங்கைகள் பற்றுவது வடம். ‘கேபிள்’ என்று நாவைத் திருகிக்கொள்ளும் பொறிஞரின் பாட்டனார் தேர்வடம் பிடித்தவராகத்தான் இருப்பார். பல புரிகள் சேர்ந்து வடம். பல இழைகள் சேர்ந்து புரி. புரியை முறுக்கேற்றுவது திரித்தல். வடத்தினின்று தொங்கும் கம்பிகளுக்குப் பெயர் தேடி அகரமுதலிகளைப் புரட்டவும் வேண்டா. முறிந்த பாலத்திற்கு அணித்தே, பிரம்மஞான சபையார் தோட்டத்தில், அடையாற்று ஆலமரம் நிற்கின்றது. அதன் அடிமரம் 1989இற் புயலிற் சாய்ந்தது. சாய்ந்தும் மரம் மாளவில்லை, விழுதுகள் தாங்கின. தொங்குபாலத்துக் கம்பிக்கு விழுது என்பதினும் பொருந்திய பெயர் எம்மொழியிலும் இராது. ஆலின் விழுது கீழிருந்து தாங்குவது, பாலத்தின் விழுது மேலிருந்து தாங்குவது என்று ஒருவர் வேறுபாடு காட்டலாம், காட்டட்டும். நிலத்துட் பிணிக்கும் இடத்திற்கோ, யானையைப் பிணிக்கும் கட்டுத்தறியும், படகுக் கயிற்றைக் கட்டும் முளையும் முன்னரே உள.

ஒரு சொல்லில் மட்டும் தெளிவு வேண்டும். தூக்குப்பாலம் என்பதும் தொங்குபாலம் என்பதும் இன்று மாறிமாறி வழங்குகின்றன. 1877இற் புனலூரில், கொல்லத்தினின்று செங்கோட்டை நோக்கிவரும் வழியிற் கல்லடையாற்றின்மேல் முடிந்த தொங்குபாலத்தை அவ்வூரார் தூக்குப்பாலம் என்றே அழைக்கின்றனர். பாம்பனில் 1914இல் அமைந்த பழைய தொடர்வண்டிப் பாலத்துக்கும், 2025 ஏப்பிரலில் திறந்த புதிய பாலத்துக்கும் அதே பெயர் வழங்குகின்றது. பாம்பனில் நிகழ்வது கப்பலுக்கு வழிவிடத் தளத்தைத் தூக்குதல். புனலூரில் நிகழ்வது வடத்திலிருந்து தளம் தொங்குதல். தூக்குவது தூக்குப்பாலம், தொங்குவது தொங்குபாலம் என்று வரையறுத்துக்கொண்டால் மயக்கம் தீரும். மக்கள் வழக்கைப் பழிப்பதன்று இது. பொறியியல் நூலுக்கு வேண்டிய வரையறை.

ஆங்கிலம் இத்துறையிற் கொடுக்கும் மொழி என்றும், தமிழ் வாங்கும் மொழி என்றும் எண்ணுவோர் ஒன்று நினைவுகொள்க. வெள்ளையர் இந்நிலத்திற்கு வந்தபோது, நீர்மேற் கட்டுவதற்கும் நீர்மேற் செல்வதற்கும் இங்கிருந்த சொற்களைக் கொண்டு சென்றனர். அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. கட்டுமரம் ‘காட்டமரான்’ ஆயிற்று. இன்று உலகத் துறைமுகமெங்கும் அப்பெயர்தான். தமிழும் மலையாளமும் வழங்கும் கயிறு ‘காயர்’ ஆயிற்று. அணையைக் கட்டியவன், மரத்தைக் கட்டியவன், கயிற்றைத் திரித்தவன் ஆகிய மூவரிடமும் ஆங்கிலம் கடன்பட்டுள்ளது. கடன் கொடுத்தவனின் பேரன் அதே கயிற்றுக்கு ‘ரோப்பு’ என்று சொல்லித் தன் படிப்பைக் காட்டுகின்றான்.

பேரனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவனுக்கு அவ்வாறே கற்பிக்கப்படுகின்றது. அடையாற்றுத் தென்கரையை அடுத்துக் கிண்டிப் பொறியியற் கல்லூரி உள்ளது. 1794இல் நிலவளவைப் பள்ளியாகத் தொடங்கியது அது. இருநூற்றாண்டுக்கு மேலாகப் பாலமும் சாலையும் கட்டுவோரை ஆக்கித் தந்துள்ளது. அங்குத் தமிழில் பொறியியல் கற்கும் வாய்ப்பு 2010இற்றான் வந்தது. அதுவும் கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் என்னும் இரண்டளவில். 2023 மே திங்களில், உறுப்புக் கல்லூரிகளில் அத்தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின் அவ்வறிவிப்பை மீட்டுக்கொண்டது. சேர்வோர் குறைவு என்பதே கூறப்பட்ட கரணியம். சேர்ந்தோர்க்கு நூல் உண்டா, வேலை உண்டா, விலைக்கேட்பு அறிக்கையும் வரைபடமும் தமிழில் வருவதுண்டா என்று எவரேனும் வினவினரா? ஆங்கிலத்தில் மட்டுமே வேலை தருவோம், தமிழிற் கற்கவும் வருக என்று அழைப்பது, பாலத்தின் ஒரு பாதியை மட்டும் கட்டிவிட்டு ஏன் எவரும் கடக்கவில்லை என்று கேட்பதை ஒக்கும்.

துருக்கியரைப் பார்க்க. 1932இல் அதாத்துர்க்கு தொடங்கிய துருக்கி மொழிக்கழகம், அரபியும் பாரசீகமும் கலந்திருந்த தம் மொழியினின்று வேற்றுச் சொற்களைக் களையும் பணியை அரசின் பணியாகவே மேற்கொண்டது. அக்குடியரசின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1973 அக்தோபர் 30ஆம் நாள், இசுதான்புல்லில் ஐரோப்பாக் கரையையும் ஆசியாக் கரையையும் இணைக்கும் பெருந்தொங்குபாலம் திறக்கப்பெற்றது. நடுத்தாவு 1,074 மீட்டர். அதனை வரைந்தோர் ஆங்கிலப் பொறிஞர். ஆயினும் துருக்கியர் ஆங்கிலப் பெயரை ஏற்றாரல்லர். தொங்கவிடுதல் என்னும் பொருள்தரும் தம் வினையடியிற் பிறந்த ‘அசுமா’ என்பதனைப் பாலத்துக்குரிய தம் சொல்லொடு சேர்த்து வழங்குகின்றனர். ஐம்பது ஆண்டு கழிந்தது. 2022இற் சானாக்கலே நீரிணையில் அவர்கள் எழுப்பிய தொங்குபாலத்தின் நடுத்தாவு 2,023 மீட்டர். அது திறந்தபோது உலகில் அதனினும் நீண்ட தாவு வேறில்லை. குடியரசின் நூற்றாண்டாகிய 2023ஐக் குறிக்கவே அவ்வளவை வைத்தனர். தாய்மொழியிற் பெயரிட்டமையால் அவர்தம் எஃகு வலி குன்றிவிடவில்லை.

அதே 1973இல் அடையாற்றிலும் ஒரு பாலம் வந்தது. ஆங்கில ஆளுநர் எல்பின்சுடன் பெயரால் வழங்கிய பழைய பாலத்துக்கு மாற்றாக எழுந்த அதற்குத் திரு.வி.க. பாலம் என்று பெயரிட்டனர். ஆற்றில் இன்னும் மேலே, சைதாப்பேட்டையில், 1966இல் எழுந்த பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்னும் தம் பெயரையே மாற்றிக்கொண்டவர் அடிகள். அவர் வாழ்ந்த பல்லாவரத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அவர் பெயரால் ஒரு பாலம் நிற்பது சாலப் பொருந்தும். அவ்விடத்து முன்பு இருந்த பாலம் 18ஆம் நூற்றாண்டில் உசுகான் என்னும் அருமேனிய வணிகர் தம் பொருளாற் கட்டியது. அவ்வள்ளன்மை போற்றற்குரியதே. ஆனால் அதன் பெயரைப் பாருங்கள்: ‘மார்மலாங்’ பாலம்! இன்றைய தியாகராயர் நகரையும் உள்ளடக்கிய மாம்பலம் என்னும் நல்ல தமிழூர், அயலார் நாவில் அவ்வாறு சிதைந்தது.

மயிலாப்பூரை அடுத்துப் பக்கிங்காம் கால்வாயின்மேல் நிகழ்ந்தது இதன் மறுதலை. ஆமில்டன் என்னும் ஆங்கிலேயர் பெயரிட்ட பாலம் ஒன்று அங்கு இருந்தது. அப்பெயர் மக்கள் வாயில் ‘அம்பட்டன் வாராவதி’ ஆயிற்று. பின்வந்த வெள்ளையர் அதனைத் தமிழென்று கருதி ஆங்கிலத்திற் பெயர்க்க, முடிதிருத்துவோர் பாலம் என்று பொருள்படும் பெயர் பிறந்தது. ஆளுக்கொரு பக்கம் மொழிபெயர்த்துக்கொண்டே சென்றதில் ஆமில்டன் காணாமற் போனார். இன்று அது அம்பேத்கர் பெயர் தாங்குகின்றது, நன்றே. இக்கதையைச் சொல்லிச் சிரிப்போர் பலர். ஆனால் இதனுள் ஓர் உண்மை உண்டு. மக்கள் நா தனக்குப் பழகாத ஒலியை ஏற்பதில்லை. தன் வழிக்கு அதனைத் திருப்பிக்கொள்ளும். எனவே தொடக்கத்திலேயே தமிழிற் பெயரிட்டு, அப்பெயரை அறிவிப்புப் பலகையிலும் பேருந்திலும் பள்ளிநூலிலும் ஒரே வடிவில் வழங்கச் செய்தால், அது நிலைக்கும். கல்லில் திரு.வி.க. என்றும் மறைமலையடிகள் என்றும் பொறித்துவிட்டு, வழங்கும்போது ‘அடையாறு பிரிட்சு’, ‘சைதாப்பேட்டை பிரிட்சு’ என்றே சொல்லித் திரிவது, இப்பெரியோரை மதிப்பதாகாது.

இவை மொழிப்பற்றாளர்க்கு மட்டும் உரிய கவலைகள் என்று ஒதுக்குவோர் மோர்பியை எண்ணிப் பார்க்க. குசராத்து மாநிலத்தில் மச்சு ஆற்றின்மேல் 19ஆம் நூற்றாண்டில் அமைந்த நடைத் தொங்குபாலம் அது. செப்பனிடுவதாக மூடிவைத்து, 2022 அக்தோபர் 26ஆம் நாள் மீண்டும் திறந்தனர். நான்காம் நாள், 30ஆம் நாள் மாலை, வடம் அறுந்தது. 135 பேர் மாண்டனர், குழந்தைகள் பலர். பின்னர் ஆய்ந்த குழு, ஒரு வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் முன்னரே துருவேறி இருந்தன எனக் கண்டது. தளத்தைப் புதுக்கியவர்கள் வடத்தைப் பார்க்கவில்லை. தொங்குபாலத்தின் குணம் இது: தூண்பாலத்திற் பழுது கண்ணுக்குத் தெரியும், வடத்திற் பழுது உள்ளே இருக்கும். காற்றும் அதற்குப் பகை. அமெரிக்காவிற் தகோமாப் பாலம் 1940 சூலையில் திறந்து, நவம்பர் 7ஆம் நாள் காற்றிலேயே முறுகி ஆடி வீழ்ந்தது. 2016 திசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்ததைக் கண்டவர்க்குக் கடற்கரையில் தொங்கும் தளம் எத்துணைக் கருத்தொடு வரையப்பெற வேண்டும் என்பது விளங்கும். உப்புக் காற்றோ நாளும் எஃகைத் தின்னும்.

அவ்வாறாயின், அடையாற்று முகத்து வடத்தை நாள்தோறும் பார்க்கப் போகின்றவர் யார்? வரைந்த பெரும்பொறிஞர் அல்லர். அவர் அடுத்த வேலைக்குச் சென்றிருப்பார். ஏணியில் ஏறி இழையைத் தடவிப் பார்த்து, மசகிட்டு, வண்ணம் பூசி, தளர்ந்த மரையாணியை இறுக்குபவர் மாநகராட்சியின் அல்லது நெடுஞ்சாலைத்துறையின் கடைநிலைப் பணியாளர். அவர் தமிழர், தமிழ் எழுதப் படிக்க வல்லவர். அவர் கையிற் கொடுக்கப்படும் பேணுகைக் கையேடு நூறு பக்க ஆங்கிலமாயின், அதனைப் பூட்டி வைப்பதன்றி அவர் என்செய்வார்? எந்தப் புரியில் துரு, எந்த விழுதில் தளர்ச்சி என்று தாம் கண்டதை எழுத அவர்க்குச் சொல் இல்லையெனில், அவர் கண்டது காணாததாகவே போகும். அவர் எழுதியதை மேலலுவலர் படிக்க மாட்டாராயினும் முடிவு அதுவே.

ஆகலின் பாலத்துக்கான விலைக்கேட்பு அறிக்கை வெளிவரும் நாளிலேயே கேட்கவேண்டியவை உள. வரைபடத்தின் ஒவ்வோர் உறுப்பும் தமிழிற் பெயர் பெறவேண்டும். கையேடு தமிழில் எழுதப்பெற வேண்டும். கிண்டியிற் தமிழ்வழிக் கட்டடப் பொறியியல் பயின்ற இளைஞர்க்கு அதனை எழுதும் பணி கொடுக்கப்பெற வேண்டும். அவர்க்கு ஏற்ற வேலை அதுவே. ஊரூர்க் குப்பத்தாரும் சீனிவாசபுரத்தாரும் மூங்கிலும் வலையும் கூடையும் கொண்டு செல்லும் அகலம் எவ்வளவு என்பதை அவர்களைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் தளத்தில் நிற்கலாம் என்பதை இரு கோபுரத்திலும் பெரிய தமிழெழுத்தில், எண்ணொடு, தொலைவிலிருந்தே தெரியும்படி எழுதவேண்டும். வடத்தைப் பார்த்த நாள், பார்த்தவர் பெயர், கண்ட குறை, தீர்த்த நாள் ஆகியவற்றைப் பதியும் குறிப்பேடு கோபுரத்தின் அடியில், கடந்து செல்லும் மீனவப் பெண்ணும் புரட்டிப் படிக்கும்படி திறந்து கிடக்கட்டும்.